கத்துகிற காரும் காது கொடுக்காத தெருவும்

தெருமுனையில் பத்தாயிரம் வாலா ஒன்று வெடித்து முடிந்ததும், புகை கலைவதற்குள் இன்னொரு சத்தம் கிளம்பும். வரிசையாக நிற்கிற கார்களில் நாலைந்து, யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிக் கூவும். தீபாவளியாயிற்றே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. தீபாவளி இல்லாத நாளிலும் இதே கதைதான். நள்ளிரவில் ஒரு கார் கத்தினால் மாடியில் ஒரு ஜன்னல் திறக்கும். "யார் வண்டிப்பா அது, வந்து ஆஃப் பண்ணுங்க" என்று ஒரு குரல் வரும். "திருடன், திருடன்" என்று யாரும் இறங்கி ஓடி வருவதில்லை. சத்தம் போடுவதற்கென்றே காசு கொடுத்து மாட்டிய கருவி ஒழுங்காகச் சத்தம் போடுகிறது; ஆனால் அது சொல்ல வந்த செய்தி ஒருவரிடமும் போய்ச் சேருவதில்லை.

அப்படியானால் அலாரத்தால் கார் திருட்டு குறைகிறதா? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள், திருட்டு போனால் பணம் கொடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ்காரர்கள். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் 'ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட்' என்ற அமைப்பு, அலாரம் உள்ள கார்களுக்கும் இல்லாத கார்களுக்கும் வந்த திருட்டு க்ளெய்ம்களை 1997-ல் ஒப்பிட்டுப் பார்த்தது. அலாரத்தால் மொத்தத் திருட்டு இழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் அதற்குக் கிடைத்த முடிவு. அலாரம் உண்மையிலேயே வேலை செய்திருந்தால் முதலில் லாபம் பார்த்திருக்க வேண்டியவர்கள் இவர்கள். அவர்களே கையை விரித்துவிட்டார்கள் என்பதால் இந்த முடிவுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்.

ஏன் இப்படி என்று புரிய, அலாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பூட்டு தானாகவே தடுக்கும். அலாரம் எதையும் தடுக்காது. அக்கம்பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஒருவரை உதவிக்குக் கூப்பிடும், அவ்வளவுதான். அந்த அழைப்பு பலிக்க, வரிசையாகச் சில காரியங்கள் நடந்தாக வேண்டும். திருடன் கை வைத்ததை சென்சார் உணர வேண்டும். சத்தம் யார் காதிலாவது விழ வேண்டும். விழுந்தவர் அது திருட்டுதான் என்று நம்ப வேண்டும். நம்பியவர் எழுந்து வரவோ போலீஸைக் கூப்பிடவோ வேண்டும். இத்தனையும் திருடன் வண்டியைக் கிளப்புவதற்குள் நடக்க வேண்டும். கை தேர்ந்தவனுக்கு அதற்கு ஒரு நிமிடம் போதும். இதில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் மிச்சமெல்லாம் வீண்.

முதல் கண்ணியே பலவீனமானது. கதவும் பானெட்டும் திறந்தால் அறிகிற சுவிட்ச், உள்ளே யாராவது அசைந்தால் உணரும் அல்ட்ராசோனிக் சென்சார், வண்டியைத் தூக்கிக் கட்டி இழுத்தால் சாய்மானத்தை அறியும் சென்சார் என்று பல வகை உண்டு. விலை குறைந்த அலாரங்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வு சென்சார்தான். உள்ளே ஒரு சின்ன பீசோ வில்லை இருக்கும். வண்டி அதிர்ந்தால் அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சைரன் ஒலிக்கும். அதிர்வு எங்கிருந்து வந்தது என்று அந்த வில்லைக்குத் தெரியாது. தண்ணீர் லாரி, இடி, பானெட்டில் குதித்த பூனை, தெரு கிரிக்கெட்டின் டென்னிஸ் பந்து, கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். உணர்திறனைக் குறைத்து வைத்தால் திருடனையும் விட்டுவிடும்; கூட்டி வைத்தால் லாரிக்கெல்லாம் அலறும். வண்டியை வாங்கியவர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒன்று அலாரத்தையே அணைத்து வைப்பார், இல்லையென்றால் அது அலறினாலும் தூங்கப் பழகிக்கொள்வார்.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேட்டையில் 1,000 கார். ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஒரே ஒரு தடவை காரணமில்லாமல் கத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இது அலாரத்துக்குச் சலுகை காட்டுகிற மதிப்பீடு. வருடத்துக்கு 12,000 கூச்சல். அதே பேட்டையில் வருடத்துக்கு 5 கார் திருட்டு போகிறது, ஐந்திலும் அலாரம் சரியாக அடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு அலாரம் காதில் விழும்போது அது நிஜத் திருட்டாக இருக்க வாய்ப்பு 2,400-ல் ஒன்று. நடுராத்திரியில் போர்வையை விலக்கி எழுந்து போகாத பக்கத்து வீட்டுக்காரரை மனசாட்சி இல்லாதவர் என்று திட்ட முடியாது. அனுபவம் அவருக்குச் சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நியூயார்க் பட்ட பாடு

இந்தக் கூத்தின் உச்சத்தைப் பார்த்த ஊர் நியூயார்க். 1990-ல் மட்டும் அந்த நகரத்தில் சுமார் 1,47,000 வாகனங்கள் திருட்டு போயின; ஒரு நாளைக்கு 400. ஸ்டீரியோவைப் பிடுங்கிக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. "உள்ளே ரேடியோ இல்லை" என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பயத்தில் அலாரம் வியாபாரம் கொழித்தது. ஆறு விதமான ஓசைகளை அடுத்தடுத்து மாற்றி மாற்றிக் கூவுகிற சைரன் அப்போது பிரபலமானது. நம் ஊரிலும் விலை குறைந்த அலாரங்களில் அதே ஆறு ஓசையைக் கேட்கலாம். 'வைப்பர்' என்ற அலாரம் பிராண்ட், பக்கத்தில் வந்தவனைத் தள்ளி நிற்கச் சொல்லிக் குரல் கொடுத்தே மிரட்டியது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அந்தக் கம்பெனியின் நிறுவனர் டேரல் ஐசா. பின்னாளில் கலிஃபோர்னியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார்.

மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் மாக்கிங்பேர்ட் என்ற பறவை, கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திரும்பச் சொல்லும். அமெரிக்க நகரங்களில் அது கார் அலாரத்தையும் கற்றுக்கொண்டது. காரே இல்லாத இடத்திலும் அலாரம் கேட்டது. (பறவையாவது அந்த ஓசையைக் கவனித்துக் கேட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.)

மனிதர்கள் கேட்கவில்லை. 'ப்ராக்ரஸிவ்' என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி எடுத்த கருத்துக்கணிப்பில், கார் அலாரம் கேட்டால் போலீஸுக்கு போன் செய்வேன் என்றவர்கள் 100-ல் ஒருவர்கூட இல்லை. 2003-ல் 'டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்னேடிவ்ஸ்' என்ற நியூயார்க் பொதுநல அமைப்பு, கார் அலாரத்தையே தடை செய்ய வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அடிக்கிற அலாரங்களில் 95 முதல் 99 சதவீதம் பொய் அலாரம் என்ற மதிப்பீடு அதில் இருந்தது. தூக்கம் கெடுவது, படிக்கிற பிள்ளைகளின் கவனம் சிதறுவது, எரிச்சலில் சொந்தக்காரரைப் பழிவாங்க அந்தக் காரையே யாராவது சேதப்படுத்துவது என்று நஷ்டத்தின் பட்டியல் நீண்டது. அந்த அமைப்பு காருக்கு எதிராகவே பேசி வருவது என்பதால் அதன் எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்களின் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது.

நகர மன்றத்தில் தடைக்கான மசோதா பேசப்பட்டது, நிறைவேறவில்லை. அலாரம் மூன்று நிமிடத்துக்குள் தானாக நின்றுவிட வேண்டும் என்ற விதியோடு நகரம் திருப்திப்பட்டுக்கொண்டது. எனக்கு இந்த மூன்று நிமிடம்தான் வேடிக்கை. சத்தம் திருடனைத் துரத்தும் என்று நம்புகிறவர் அதை நிறுத்தச் சொல்ல மாட்டார். மூன்று நிமிடத்தில் நிறுத்து என்கிற சட்டம், அடிக்கிற அலாரத்துக்குப் பின்னால் திருடன் இல்லை என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது.

நியூயார்க்கில் கார் திருட்டு பிறகு குறையத்தான் செய்தது, அதுவும் பிரமிக்கும்படி. 2017 வாக்கில் வருடத்துக்கு ஆறாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தெருவில் அலாரம் பெருகியதால்தான் இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திருட்டு சரிந்துகொண்டே போன அதே வருடங்களில் காரின் சாவிக்குள் வேறொரு விஷயம் நுழைந்திருந்தது. காவல்துறையின் கெடுபிடி, நகரமே மாறியது என்று மற்ற காரணங்களும் உண்டு. ஆனால் சாவிக்குள் நுழைந்த அந்த விஷயத்துக்கான சாட்சியம்தான் நாடு நாடாகக் கிடைக்கிறது.

சத்தமில்லாமல் வேலை பார்த்தவை

அதன் பெயர் இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதிக்குள் அரிசி அளவுக்கு ஒரு சிப். அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷனைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியை நுழைத்தவுடன் அந்தச் சுருளின் காந்தப்புலத்திலிருந்து சிப்புக்கு மின்சாரம் கிடைக்கும். உயிர் வந்த சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்து, சரியாக இருந்தால்தான் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் விடும். சினிமாவில் ஸ்டீயரிங்குக்கு அடியில் இரண்டு வயரை உரசி வண்டியைக் கிளப்புகிற வித்தை இதோடு முடிந்தது. யாரும் கேட்க வேண்டாம், யாரும் நம்ப வேண்டாம், யாரும் ஓடி வர வேண்டாம். ஊரே காலியாக இருந்தாலும் அது வேலை செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதுக் கார்கள் அத்தனைக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001-ல், கனடா 2007-ல். நெதர்லாந்தின் தரவுகளை வைத்து வான் ஊர்ஸ், வொல்லார்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வில், இந்த ஒரு விதியால் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. இம்மொபிலைசர் இல்லாத பழைய கார்கள் பக்கம் திருடர்கள் திரும்பியதையும் கழித்துக்கொண்ட பிறகு கிடைத்த எண் இது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஆறு லட்சத்தை நெருங்கிய திருட்டு பின்னர் அதில் சிறு பங்காகச் சுருங்கியது. அங்கே ஆராய்ந்தவர்களும் முக்கியப் பங்கை இம்மொபிலைசருக்கும் சென்ட்ரல் லாக்கிங்குக்கும்தான் கொடுத்தார்கள். கனடாவின் வினிபெக் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. கார் திருட்டில் நாட்டிலேயே பேர் கெட்டுப்போயிருந்த ஊர் அது. அதிகம் திருடப்படும் மாடல்களுக்கு மாகாணத்தின் அரசு இன்ஷூரன்ஸ் நிறுவனமே இலவசமாக இம்மொபிலைசர் பொருத்தியது. பிறகு கட்டாயமும் ஆக்கியது. மறுபக்கம், திரும்பத் திரும்பத் திருடிய சிறுவர்களைக் காவல்துறை நெருக்கமாகக் கண்காணித்தது. ஐந்தாறு வருடத்தில் திருட்டு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விழுந்தது.

கட்டாயம் எல்லோருக்குமா, புதுக் காருக்கு மட்டுமா என்பதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஸ்டீயரிங் பூட்டு வந்த காலத்தில் மேற்கு ஜெர்மனி 1963-ல் பழையது புதியது பார்க்காமல் எல்லாக் காருக்கும் அதை மாட்டச் சொன்னது. திருட்டு சட்டென்று இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. பிரிட்டன் 1971-ல் புதுக் காருக்கு மட்டும் சொன்னது. திருடர்கள் பழைய கார்களுக்கு மாறிக்கொண்டார்கள், மொத்த எண்ணிக்கை உடனே அசையவில்லை. ஒரு வண்டியைக் காப்பாற்றுகிற கருவி பக்கத்து வண்டியை மாட்டிவிடலாம் என்பது அலாரத்துக்கும் பொருந்தும். மினுக் மினுக்கென்று சிவப்பு விளக்கு எரிகிற காரை விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டால் அந்தக் காரின் சொந்தக்காரருக்கு லாபம், தெருவுக்கு ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு கருவி இருக்கிறது, என் கணக்கில் இந்த விஷயம் முழுக்க இதுதான் மிக அழகான பகுதி. 'லோஜாக்' என்று பெயர். 1986-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. காருக்குள் எங்கோ ஒளித்து வைத்த ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர். வண்டி காணாமல் போய்ப் புகார் கொடுத்ததும் அது உயிர்பெற்று சிக்னல் அனுப்பும். போலீஸ் வண்டியில் இருக்கிற ரிசீவர் பின்தொடரும். ஸ்டிக்கர் இல்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் சூட்சுமம். தெரியாததால் அவன் எல்லாக் காரையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது. திருடிய காரைப் பிரித்து ஸ்பேர் பார்ட்ஸாக விற்கிற பட்டறைக்கே போலீஸ் வந்து நிற்கும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: பெரிய நகரங்களில் லோஜாக் பொருத்திய கார்களின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி கூடினால் மொத்தக் கார் திருட்டே 20 சதவீதம் குறைந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்த நன்மையைவிட, வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சேர்த்துக் கிடைத்த நன்மை பல மடங்கு. அலாரம் இதைத் தலைகீழாகப் புரட்டிப்போடுகிறது: பாதுகாப்பு வாங்கியவருக்கு (அதுவும் இருந்தால்), தொல்லை தெருவுக்கு. அதனாலேயே அலாரத்துக்கு இன்ஷூரன்ஸ் தள்ளுபடி கொடுக்கச் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலங்களின் நியாயம் எனக்குப் பிடிபடுவதில்லை. நியூயார்க்கும் அவற்றில் ஒன்று.

இம்மொபிலைசர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா சமீபத்தில் நேரடியாகவே பார்த்தது. அங்கே இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கும் சட்டம் கிடையாது. 2015 மாடல்களில் மற்ற கம்பெனிகளின் கார்களில் 96 சதவீதத்தில் அது வழக்கமாகவே வந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான். சாவி திருகிக் கிளப்புகிற அந்த மாடல்களில் இக்னிஷன் உறையைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேபிளின் முனையை வைத்துத் திருகினாலே வண்டி கிளம்பிவிடும் என்பதை மில்வாக்கி நகரத்துப் பையன்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். 2022-ல் அது டிக்டாக் மூலம் நாடு முழுக்கப் பரவியது. விபத்துகள், உயிரிழப்புகள் நேர்ந்தன, வழக்குகள் வந்தன. அதே கம்பெனிகள் கனடாவில் விற்ற கார்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே 2007 சட்டம் இருந்ததால் இம்மொபிலைசர் இருந்தது.

2023 பிப்ரவரியில் அந்தக் கம்பெனிகள் இலவசமாக ஒரு சாஃப்ட்வேர் மாற்றம் கொடுத்தன. அதில் இரண்டு அம்சங்கள். ஒன்று, ரிமோட்டில் பூட்டிய காரை, இக்னிஷனில் அசல் சாவி இருந்தால் ஒழியக் கிளப்ப முடியாது. இரண்டு, அலாரம் 30 வினாடிக்குப் பதிலாக ஒரு நிமிடம் ஒலிக்கும். மாற்றம் செய்த கார்களில் முழுக் கார் திருட்டு பாதிக்கும் மேல் குறைந்ததாக முன்பு சொன்ன அதே 'ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட்' 2024-ல் கண்டது. ஆனால் கண்ணாடி உடைப்பு போன்ற சேதத்துக்கான க்ளெய்ம்கள் அந்தக் கார்களில் குறையவில்லை; கூடின. அதாவது பையன்கள் வந்தார்கள், உடைத்தார்கள், முயன்றார்கள். வண்டி கிளம்பாததால் போனார்கள். இரு மடங்கு நேரம் ஒலித்த அலாரம் அவர்களை உடைக்காமல் நிறுத்தவில்லை. நிறுத்தியது கிளம்ப மறுத்த இன்ஜின்தான்.

இம்மொபிலைசரும் அசைக்க முடியாத அரண் இல்லை. சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து பட்டனை அழுத்திக் கிளப்புகிற கார்களுக்கு 'ரிலே' என்றொரு முறை வந்துவிட்டது. ஒருவன் வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு நிற்பான், இன்னொருவன் காருக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியோடு. உள்ளே மேஜையில் கிடக்கிற சாவியின் பலவீனமான சிக்னலை முதல் பெட்டி வாங்கி இரண்டாவதுக்குக் கொடுக்கும். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பித் திறந்துவிடும். 2023-ல் கென் டிண்டல் என்ற பொறியாளர் விளக்கி எழுதிய இன்னொரு முறை இன்னும் மோசம். பம்பரைக் கொஞ்சம் நெகிழ்த்தி ஹெட்லைட்டுக்குப் போகிற வயர் வழியாகக் காரின் உள் நெட்வொர்க்கிலேயே புகுந்து, 'சாவி சரிபார்த்தாயிற்று' என்று பொய்ச் செய்தி அனுப்புவது. அதற்கான கருவியை ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்து விற்றார்கள். இந்த இரண்டிலும் அலாரம் ஒலிக்காது. காரைப் பொறுத்தவரை சொந்தக்காரர்தான் திறந்திருக்கிறார். எதற்கு ஒலிக்க வேண்டும்?

நம் ஊர் நிலவரம்

டெல்லி போலீஸ் பிடித்த சில கும்பல்கள் கண்ணாடியை உடைத்து உள்ளே கை விட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே சர்வீஸ்காரர்கள் பயன்படுத்துகிற ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகி, அங்கேயே புதுச் சாவி ஒன்றை காருக்குப் பழக்கிக் கிளப்பிக்கொண்டு போயிருக்கின்றன. இங்கே கண்ணாடி உடைகிற நேரத்தில் அலாரம் ஒலிக்கலாம். ஒலித்தால் ஹாரன் வயரை அறுத்துவிட வேண்டியதுதான். திருடிய வண்டி எங்கே போகிறது என்பது தனிக் கதை. மீரட்டில் சோதிகஞ்ச் என்ற சந்தை, வட இந்தியாவில் திருட்டு வண்டிகளைப் பிரிக்கிற இடம் என்று பேரெடுத்து, 2021 டிசம்பரில் போலீஸால் இழுத்து மூடப்பட்டது. விபத்தில் நொறுங்கிய காரின் ஆர்.சி.யை வாங்கி, அதே மாடல் திருட்டுக் காரில் அந்த சேஸிஸ் எண்ணைப் பொறித்து விற்பது இன்னொரு வழி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் இதற்காகவே சேஸிஸ் எண்ணைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழில்முறைத் திருடர்களுக்கு அலாரம் ஒரு பொருட்டில்லை. ஊர் சுற்ற வண்டியை எடுக்கிற பையன்களை இம்மொபிலைசர் ஏற்கெனவே நிறுத்திவிட்டது. மிச்சம், கண்ணாடியை உடைத்து சீட்டில் கிடக்கிற லேப்டாப் பையைத் தூக்குகிறவன். அவனுக்குத் தேவை பத்து வினாடி. சத்தம் வந்தால் இன்னும் வேகமாக ஓடுவான், அவ்வளவுதான். பையை டிக்கியில் வைப்பது அலாரத்தைவிட மலிவு.

அலாரத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்கிறவர் சொந்தக்காரராகவே இருக்கிற இடத்தில் அது பிரயோஜனம். தனி வீட்டு காம்பவுண்டுக்குள் வண்டி, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. அல்லது இருபது வீடு இருக்கிற அப்பார்ட்மென்ட், இரவெல்லாம் விழித்திருக்கிற வாட்ச்மேன், எந்த வண்டி யாருடையது என்று அவருக்குத் தெரியும். இங்கே "யார் வண்டி அது" என்ற கேள்வியே எழாது. அதே தர்க்கம்தான் சைரனுக்குப் பதிலாக சொந்தக்காரரின் போனுக்குத் தகவல் அனுப்புகிற கருவிகளுக்கும். ஊரையே எழுப்பாமல், எழுந்து வரக் காரணம் உள்ள ஒருவரை மட்டும் எழுப்புகின்றன. பைக் விஷயத்திலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பைக்கைப் பெரும்பாலும் ஹேண்டில் லாக்கை உடைத்துத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். கத்திக்கொண்டே இருக்கிற பைக்கைத் தெருவில் தள்ளிக்கொண்டு போவது கஷ்டம்.

இந்தியாவில் இன்ஷூரன்ஸ்காரர்கள் இதற்கெல்லாம் என்ன மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினால், வாகன இன்ஷூரன்ஸ் கட்டண விதிகளான மோட்டார் டாரிஃபில் ஒரு பிரிவு உண்டு. புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவியை முறைப்படி பொருத்திச் சான்றிதழ் வாங்கினால், ஓன் டேமேஜ் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு ஆகிற சேதம், திருட்டுக்காகக் கட்டுகிற பங்கு) 2.5 சதவீதம் தள்ளுபடி. அதிகபட்சம் 500 ரூபாய். கடையில் பேரம் பேசி வாங்குகிற சாதாரண அலாரம் இந்தக் கணக்கிலேயே வராது.

அலாரத்துக்கென்று ஒதுக்கிய காசு கையில் இருந்தால் நான் வேறு வழியில் செலவழிப்பேன். முதலில் கியர் லாக் அல்லது ஸ்டீயரிங் ராடு. பழைய சரக்குதான், ஆனால் எலக்ட்ரானிக் கருவியோடு வருகிறவன் கையில் பெரும்பாலும் இரும்பு அறுக்கிற கருவி இருக்காது. இரண்டாவது, பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைப் போட்டு வைக்க சிக்னல் தடுக்கிற உறை. விலை சில நூறு ரூபாய்தான். ஸ்பேர் சாவியையும் அதிலேயே போட்டு வையுங்கள், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது, ஒளித்து வைத்த ஜிபிஎஸ் கருவி. எங்கே வைத்திருக்கிறது என்று டிரைவருக்கும் தெரியாமல் இருந்தால் உத்தமம். இன்ஜினுக்கு பெட்ரோல் அனுப்புகிற பம்பின் மின் இணைப்பில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள்வது பழைய டாக்ஸி டிரைவர்களின் வழக்கம், இன்றும் பலிக்கும். ஆனால் ஆக்சஸரிஸ் கடையில் வயரை அறுத்து ஒட்டினால் எலக்ட்ரிக்கல் வாரன்டி போகும், சரியாக டேப் சுற்றாத ஒட்டு தீப்பிடிக்கவும் செய்யும். அதை கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி போய்விட்டால், க்ளெய்முக்குப் போகும்போது இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இரண்டு அசல் சாவிகளை. அதோடு எஃப்.ஐ.ஆர்., வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தருகிற சான்றிதழ். அலாரம் அடித்ததா இல்லையா என்று க்ளெய்ம் படிவத்தில் யாரும் அக்கறையாகக் கேட்பதில்லை. இரண்டாவது சாவி எங்கே என்று கேட்பார்கள். தொலைந்துபோய் மாற்றுச் சாவி வாங்கியிருந்தால் அதற்கான பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.